பழைய தேக்கா, ரப்பர்மரமா, இரும்பு பீரோவா: வீட்டுக்குச் சாமான் வாங்கிய கணக்கு

குரோம்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே வெள்ளை லேமினேட் ஒட்டிய அலமாரி ஒன்று இருந்தது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் குழாய் மூட்டிலிருந்து கசிந்த தண்ணீர் அதன் அடிப்பலகைக்குள் இறங்கிவிட்டது. ஒரே வாரத்தில் பலகையின் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியது. லேமினேட் வாய் பிளந்தது. விரலால் நோண்டினால் உள்ளேயிருந்து மரத்தூள் உதிர்ந்தது. கீலில் திருகு நிற்காமல் கதவு கையோடு வந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சரியாகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல ஆணி நிக்காது சார். தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

எங்கே போடுவது? பழைய பேப்பர்காரர் வேண்டாம் என்றார். வெந்நீர் அடுப்பில் வைக்கலாம் என்றால், பசையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரியும் புகையை யார் முகர்வது? கடைசியில் குப்பை வண்டிக்காரரிடம் கெஞ்சி ஏற்றி அனுப்பினோம்.

அப்புறம் இரண்டு படுக்கையறையோடு சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கியபோது, கட்டில் முதல் பாய் வரை ஒவ்வொன்றாக வாங்க வேண்டியிருந்தது. கடைக்குக் கடை இலைப் படம் போட்ட அட்டை, "இயற்கைக்கு உகந்தது" என்ற வாசகம். அந்த அட்டையைப் படிப்பதை விட்டுவிட்டு, எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க ஆரம்பித்தேன். இது உடைந்தால் நம் தெருவில் யார் சரிசெய்வார்? சரிசெய்யவே முடியாமல் போனால் யார் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்தது அது. கட்டில் கட்டிலாக இருக்கும்வரை அந்தக் கார்பன் நம் படுக்கையறையில்தான் இருக்கும். எரித்தாலோ மக்கினாலோ காற்றுக்குத் திரும்பிவிடும். ஆகவே எந்த மரம் என்பதைவிட, எத்தனை வருஷம் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிந்தது.

அலமாரி

முதலில் அந்த உப்பிய பலகைக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். பார்ட்டிகிள் போர்டுக்காக யாரும் தனியாக ஒரு நல்ல மரத்தை வெட்டுவதில்லை. சில்லு, சிம்பு, அறுவை மில்லில் மிஞ்சிய தூள் இவற்றைப் பசையோடு அழுத்திச் செய்வது. கழிவைப் பயன்படுத்துகிறார்கள் என்ற அளவில் நல்ல காரியம்தான். தண்ணீர் படாத அறையில், அதிகக் கனம் ஏற்றாமல் வைத்திருந்தால் உழைக்கவும் செய்யும். சிக்கல் பசையில். பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. புது அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும் அந்த வாடை அதிலிருந்து வருவதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்துப் பலகைகளுக்கு இ1, இ0 என்று தரம் உண்டு. வாங்கியே ஆகவேண்டும் என்றால் இதைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திய எம்.டி.எஃப். பலகை இதன் நைசான தம்பி. கதை அதேதான்.

பிளைவுட் வேறு ரகம். மரத்தைப் பென்சில் சீவுகிற மாதிரி தகடு தகடாகச் சீவி, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டுவது. அதனால் திருகு பிடிக்கும், பாரம் தாங்கும். இந்தியாவில் பிளைவுட்டுக்குப் பேர்போன இரண்டு ஊர்கள் ஹரியானாவின் யமுனாநகரும் கேரளத்தின் பெரும்பாவூரும். அங்கே பாப்லர், இங்கே ரப்பர், இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் என்று பெரும்பாலும் விவசாயிகள் நட்டு வளர்த்த மரங்கள்தான் உள்ளே போகின்றன. காட்டை அழித்துத்தான் பிளைவுட் செய்கிறார்கள் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

பிளைவுட்டில் இரண்டு இந்தியத் தர எண்கள் தெரிந்தால் போதும். சாதாரண உபயோகத்துக்கு ஐ.எஸ். 303, தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710. ஆசாரிகள் வாயில் இது வெறும் "செவன் டென்". இதில் போடும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தண்ணீரில் விடாது. அது வெளியே விடும் ஃபார்மால்டிஹைடும் குறைவு. ஆக, விலை கூடியது உடம்புக்கும் நல்லதாக அமையும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஓர் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று காட்டிவிடும். எங்களுக்கு வந்த முதல் லோடில் முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது, எண் செயலியில் இல்லை. கடையின் பெயர் வேண்டாம், திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே மட்டும் 710 போட்டோம். துணிமணிக்கு? அங்கேதான் வீட்டில் சண்டை. கண்ணாடி பதித்த நகரும் கதவு அலமாரி வேண்டும் என்பது ஒரு கட்சி. இரும்பு பீரோவே போதும் என்பது என் கட்சி.

இரும்பு உருக்குவதில் கரி எரிவது உண்மை. ஒரு கிலோ மரத்துக்கும் ஒரு கிலோ எஃகுக்கும் கணக்குப் போட்டால் எஃகு தோற்கும். ஆனால் என் அம்மா கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோ நாற்பது வருஷம் தாண்டி இன்றும் நிற்கிறது. இரண்டு முறை பெயிண்ட் அடித்தோம், ஒரு முறை பூட்டு மாற்றினோம், அவ்வளவுதான். கரையான் அண்டாது, வாடை கிடையாது. உயிரே போனாலும் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் காசு தருவார், அது மறுபடி உருகி இரும்பாகும். என் இரண்டு கேள்விக்கும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன சாமான் வேறில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். உப்புக்காற்றில் கால்தான் முதலில் துருப்பிடிக்கும். மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, தரை துடைக்கும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைமாறிய பீரோ ஒன்றைப் பிடித்தோம். கண்ணாடிக் கட்சி தோற்றது என்று எழுத ஆசைதான். பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி பொருத்தித் தரச் சொல்லித்தான் சமாதானம் ஆனது.

கட்டில்

புதுத் தேக்கு, பழைய தேக்கு, ரப்பர்மரம், நாட்டு மரம். இங்கேதான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

தேக்கு ஏன் நிலைக்கிறது? அதன் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருக்கிறது, கரையானுக்கும் பூஞ்சைக்கும் அது ஆகாது. ஆனால் வைரம் என்பது நடுப்பகுதி மட்டும்தான். சுற்றியுள்ள வெளிறு எந்த மரத்தின் வெளிறையும் போல உளுத்துவிடும். நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள். அந்த ஆரம்ப காலத்து மரங்கள் சில கானலித் தோட்டத்தில் இன்றும் நிற்கின்றன. அப்படி விட்டு வளர்த்தால் வைரம் பாயும். இருபது இருபத்தைந்து வருஷத்தில் அவசரமாக வெட்டும் தேக்கில் வெளிறின் பங்கு அதிகம். கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு பாலிஷ் அடித்து வைத்திருப்பார்கள். எது வைரம், எது வெளிறு என்று வாங்குபவருக்குத் தெரியாது. புதுத் தேக்குக் கட்டிலுக்கு எனக்குச் சொன்ன விலை 42,000 ரூபாய். அந்த விலைக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிறை வாங்க மனம் வரவில்லை.

பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளுக்குப் போனேன். மழையில் நனைந்து வெளுத்த உத்தரங்கள், நிலைக்கதவுகள், ஜன்னல் சட்டங்கள் குவிந்து கிடந்தன. பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் அடித்து என்ன மரம் என்றே தெரியாது. "பாய், இது தேக்குதானா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் பதில் சொல்லவில்லை. ஓர் உளியை எடுத்து ஓரத்தில் ஒரு சீவு சீவினார். பச்சைப் பெயிண்டுக்கும் நீலப் பெயிண்டுக்கும் கீழே தேன் நிறம். மூக்கருகே நீட்டினார். பழைய தோலும் எண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. "மோந்து பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றார். நான்கு நிலைச் சட்டமும் மூன்று உத்தரமும் வாங்கினோம். அறுவை மில்லில் ரம்பம் ஒரு இடத்தில் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே புதைந்திருந்தது ஒரு பழைய சதுர ஆணி, கொல்லன் பட்டறையில் அடித்தது. மில்காரர் பற்கள் போன ரம்பத்துக்குத் தனியாக 300 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஆணி என் மேசையில் இருக்கிறது. கட்டில் மரமும் கூலியும் சேர்த்து 19,000-க்குள் முடிந்தது.

பழசு என்பதால் மட்டும் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். தட்டினால் பொத்தென்று ஓசை வருகிறதா, கீழே மாவு மாதிரி தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது உளுப்பு, வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரத்துக்கும் தாவும். வேறு ஏதோ மரத்தைத் தேக்கு என்று தலையில் கட்டுவதும் நடக்கும். எனக்கு இன்னொரு உறுத்தலும் உண்டு. காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகளுக்காக அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, இன்று தூணாகவும் கதவாகவும் பிரிந்து கடைக்கு வருகிறது. செதுக்கிய தூணுக்குக் கிராக்கி ஏறினால், நிற்கிற வீட்டையும் பிரித்து விற்கத்தான் தோன்றும். ஆகவே உத்தரம், சட்டம், பலகை என்று எப்படியும் விறகுக்குப் போகிற சாதா மரத்தை வாங்குவதே சரி என்று முடிவு செய்தேன். சிற்பத் தூணை வரவேற்பறையில் நிறுத்தி அதன் மேல் கண்ணாடி வைத்து மேசை ஆக்குவதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாப்பாட்டு மேசைக்குப் பழைய மரம் போதவில்லை. அங்கே ரப்பர்மரம் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரத்தில் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் எடுத்தபின் வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவார்கள். ஒரு காலத்தில் அந்த மரம் விறகுக்கும் பெட்டி அடிக்கவும்தான் போனது. எப்படியும் விழப்போகிற மரம் மேசையாவது நல்ல விஷயம். ஒரு குறை, ரப்பர்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வண்டுக்கு அது விருந்து. அதனால் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிக் காயவைக்க வேண்டும். இதைச் செய்யாத மரம் மலிவாகக் கிடைக்கும், இரண்டு வருஷத்தில் பல்லிளிக்கும். பதப்படுத்தியதா என்று கேளுங்கள். மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். விரல் கோத்த மாதிரி துண்டு துண்டாகச் சேர்த்த இணைப்பு தெரிந்தால் அசல் மரம். மேலே ரப்பர்மரத் தோலும் அடியில் வழவழப்பான காக்கிப் பலகையும் இருந்தால் அது எம்.டி.எஃப்., மரத்தின் விலையில். ஈரம் பட்டுக்கொண்டே இருக்கும் இடத்துக்கும் மொட்டை மாடிக்கும் ரப்பர்மரம் ஆகாது.

வேம்பு, பூவரசு, மா, தூங்குமூஞ்சி இவற்றைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது என் மனக்குறை. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் சாய்ந்த மரங்களை நினைத்துப் பாருங்கள். துண்டு போட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் எத்தனை பெஞ்சு, எத்தனை கட்டில் இருந்திருக்கும்! நாட்டு மரத்தில் வேலை எடுக்கப் பொறுமை வேண்டும். பலகையாக அறுத்து, இடையில் சிம்பு கொடுத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். பச்சையாகச் செய்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். ஊரில் தோப்பும் நிழலும் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் நாலாவது மாடிக்கு ஒத்துவரவில்லை.

பாலிஷ் விஷயத்தில் ஒரு வார்த்தை. இப்போது எல்லோரும் பி.யூ. என்கிற பாலியூரித்தேன் பூச்சு அடிக்கிறார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும், தண்ணீர் தாங்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிக்கட்டுவது கஷ்டம், முழுவதும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியில் தோய்த்துத் தேய்ப்பது. அரக்கு பூச்சி தரும் பிசின். சூடான டம்ளர் வைத்தால் வட்டம் விழும், ஆனால் அந்த வட்டத்தின் மேல் மட்டும் மறுபடி தேய்த்துவிடலாம். கட்டிலுக்கு அரக்கு, சாப்பாட்டு மேசைக்கு பி.யூ. என்று பிரித்துக்கொண்டோம். கொள்கை என்று பார்த்தால் இரண்டுக்கும் அரக்குதான். ஆனால் சாம்பார்ப் பாத்திரத்தை மேசைமேல் நேரே வைக்கும் வீட்டில் கொள்கை எத்தனை நாள் நிற்கும்?

மூங்கிலும் பிரம்பும்

மூங்கில் தாவர இயலில் புல். மூன்று நான்கு வருஷத்தில் வெட்டலாம், வெட்டினாலும் தூர் இருக்கும், மறுபடி முளைக்கும். 1927-ஆம் வருஷத்து வனச் சட்டம் அதை மரம் என்றே வைத்திருந்தது. 2017-ல் திருத்தம் செய்து, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். காகிதத்தில் மூங்கிலை அடிக்க ஆளில்லை. ஆனால் என் முதல் கேள்விக்கு அது தடுமாறியது. மூங்கில் சோபாவின் கால் விலகினால் சரிசெய்ய எங்கள் பக்கம் ஆள் இல்லை, விற்ற கடையும் "புதுசு எடுத்துக்கோங்க" என்றுதான் சொன்னது.

பிரம்பு அப்படியில்லை. சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தைக்காலில் சாலையோரம் வரிசையாகப் பிரம்புக் கடைகள். ஊஞ்சல், நாற்காலி, தொட்டில் எல்லாம் கண்ணெதிரே பின்னுவார்கள். பிரம்பு காட்டு மரங்களைப் பற்றி ஏறும் கொடி. பற்றிக்கொள்ள மரம் நின்றால்தான் அதுவும் வளரும். நாற்காலியின் பின்னல் அறுந்தால் சட்டத்தை வைத்துக்கொண்டு பின்னலை மட்டும் மாற்றலாம். அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னும் வேலை பார்வையற்றோர் பலருக்குச் சோறு போட்ட தொழில். இரண்டு நாற்காலிகள் வாங்கினோம். ஏமாற வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. பால்கனிக்கென்று பெரிய கடைகளில் விற்கும் "பிரம்பு" ஊஞ்சல்கள் பல இரும்புக் கம்பியில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா. நகத்தால் சுரண்டினால் நார் வராது, வழுக்கும்.

மெத்தை

ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து வருவது. பத்து வருஷம் போனால் நடுவில் பள்ளம் விழும். அதைத் தட்டி நிமிர்த்த உலகத்தில் எந்தத் தொழிலாளியும் இல்லை. பெருங்குடிக் குப்பைமேடுதான் கதி.

இலவம்பஞ்சுக்கு நாங்கள் போடிநாயக்கனூர்க்காரர் ஒருவரைப் பிடித்தோம். இலவ மரத்துக்குப் பருத்தி மாதிரி உழவு, பாத்தி, வருஷா வருஷம் விதைப்பு எதுவும் வேண்டாம். இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம், நமக்கு மெத்தை. அதன் இழை உள்ளே குழாய் போல வெற்றாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். தண்ணீர் சட்டென்று ஏறாது, அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதை அடைத்தார்கள். மெத்தை நாளடைவில் அமுங்கும், கட்டி தட்டும். மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை உறையைப் பிரித்துப் பஞ்சைக் கலைத்து, புதுப் பஞ்சு கொஞ்சம் சேர்த்து மறுபடி தைக்கலாம். பஞ்சில் பாலியஸ்டர் கலப்பதுண்டு. ஒரு சிட்டிகை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளுக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. இலவம்பஞ்சைத் தட்டினால் அவளுக்கு ராத்திரி முழுக்கத் தும்மல். அவள் கட்டிலுக்குத் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய மெத்தை வாங்கினோம். கெட்டியாக இருக்கும், காற்றோட்டம் உண்டு. லேடெக்ஸ் மெத்தையும் பார்த்தோம், சுகம்தான். ஆனால் அதில் எவ்வளவு மரத்துப் பால், எவ்வளவு செயற்கை ரப்பர் என்று கேட்டதற்கு மூன்று கடையிலும் மூன்று விதமான சிரிப்பு.

தரைக்கு அதிகம் யோசிக்கவில்லை. ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை இருந்தது. சூளையில் சுடாமல் கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்துவது, தேயத் தேயப் பளபளப்பது. ஆனால் ஃபிளாட்டில் ஏற்கெனவே நல்ல டைல்ஸ் இருக்கிறது. அதைப் பெயர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு இதைப் பதிப்பதில் என்ன பசுமை? கோரைப்பாய் இரண்டும் பவானி ஜமுக்காளம் ஒன்றும் வாங்கினோம். திரைச்சீலைக்குக் கைத்தறி வேட்டித் துணி, விளிம்பு மட்டும் தைத்தோம்.

சோபா இன்னும் வாங்கவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் வீடு மாறும்போது கழற்றி மாட்ட முடிகிற ரப்பர்மரமும் ஒரு பீரோவும் போதும் என்பேன். எங்களுக்கு அந்த அவசரம் இல்லை. பழைய உத்தரத்தில் மீந்த இரண்டு கட்டைகள் பால்கனியில் சாய்ந்து நிற்கின்றன. அதில் முதுகு சாயும் பெஞ்சு ஒன்று வருமென்று ஆசாரி அளந்து பார்த்துச் சொன்னார். எப்போது என்று கேட்டால், "தை பொறக்கட்டும் சார்" என்கிறார். போன வருஷமும் அதைத்தான் சொன்னார்.